பாதிக் கதை கேட்ட தலைவர்

தலைவர் நல்லமுத்துவின் கல்லறைக்கு இரண்டு வரி எழுதித் தரும்படி முனியங்கல் தோட்டத்துக் கமிட்டிக்காரர்கள் என்னிடம் வந்தார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயங்களில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவன் நான் என்பதால் கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை எல்லாம் என் தலையில்தான் விடியும். "சொந்த மகனென்றும் பாராத நீதிமான் என்று போட்டுவிடுங்கள், பழனியாண்டி அண்ணே" என்றார்கள். எனக்கு வந்த கோபத்தில் காகிதத்தைக் கசக்கி அவர்கள் முகத்திலேயே எறிந்தேன். அந்த மனுசன் பதினாறு வருசம் எந்தச் சொல்லுக்காகக் குமைந்து செத்தாரோ, அதையே கல்லில் வெட்டி அவர் நெஞ்சின் மேல் வைக்கப் பார்க்கிறார்கள். நடந்ததை முழுசாக எழுதிவிடுகிறேன். இதில் நானும் யோக்கியன் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நல்லமுத்து கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியைக் கத்தியால் இடுப்பளவுக்கு வெட்டி இறக்குகிற வேலை அது. பத்து வயதில் கங்காணி விட்ட உதையில் முன்பல் இரண்டும் போய்விட்டன. அந்த ஓட்டை வழியாகக் காற்று வர அவர் பேசினால், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களம் முழுக்கக் கேட்கும். நாற்பத்தெட்டில் சங்கம் எங்கள் தோட்டத்துக்குள் வந்தபோது, யாரைத் தலைவராகப் போடுவது என்ற பேச்சே எழவில்லை. எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

ஆனால் தலைவர் என்றால் என்ன செய்யவேண்டும் என்பது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. நாங்கள் பார்த்த தலைமையெல்லாம் கங்காணியின் பிரம்பும் துரையின் பூட்ஸும்தான். பஞ்சாயத்து என்று வந்து நின்றவனுக்கு எப்படித் தீர்ப்புச் சொல்வது, எப்போது பொறுப்பது, எப்போது அடிப்பது என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அதற்காக அவர் போய் உட்கார்ந்த இடம்தான் வேடிக்கையானது.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை துரைராசா என்ற உபதேசியார் தலவாக்கலை ரோட்டில் பஸ் இறங்கி, குறுக்குப் பாதையில் ஏறி எங்கள் தோட்டத்துக்கு வருவார். யாழ்ப்பாணத்துக்காரர். பள்ளிக்கூடக் கொட்டகையில் ஐந்தாறு வேதக்காரக் குடும்பங்களுக்கு ஜெபம் நடத்திவிட்டு, வேதத்திலிருந்து ஒரு கதை சொல்வார். நெற்றி நிறைய விபூதியோடு கடைசி பெஞ்சில் நல்லமுத்து உட்கார்ந்திருப்பார். "எனக்கு மோட்சமெல்லாம் வேணாங்கய்யா. அந்த ராஜாமாரு எப்புடி முடிவெடுத்தாங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டாராம். உபதேசியார் சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார். எழுதப் படிக்கத் தெரியாத தலைவருக்கு மாதம் ஒரு ராஜா.

பெயர்கள் அவர் வாயில் நுழையாது. ஞானி ராஜா, ஆட்டுக்கார ராஜா, நெட்டை ராஜா என்று அடையாளம் வைத்துக்கொள்வார். கேட்டதை மறுநாளே எங்கள் மேல் பரீட்சை பார்ப்பார். ஒரே கோழிக்கு இரண்டு வீட்டுக்காரிகள் உரிமை கொண்டாடி வந்தபோது, ஞானி ராஜாவைப் போல, "வெட்டி ஆளுக்குப் பாதி எடுத்துக்கங்க" என்றார். உண்மையான சொந்தக்காரி பதறுவாள் என்று காத்திருந்தார். இரண்டு பேரும் சரியென்று வெட்டிக் குழம்பு வைத்துவிட்டார்கள். தலைவருக்கும் ஒரு கிண்ணம் வந்தது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. அதுவரைக்கும் எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது.

நாற்பத்தொன்பதில் மழை தொடங்கிய சமயம், கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை ஒரு பெண்ணின் கூடையை உதைத்துத் தள்ளி, குனிந்து பொறுக்கியவளின் முதுகிலும் உதைத்தான். தட்டிக் கேட்ட பதினொரு பேருக்கும் துரை பத்துச்சீட்டு கொடுத்து வேலையைப் பறித்து, லயத்தை விட்டு வெளியேறச் சொன்னார். தோட்டமே வேலையை நிறுத்தியது. நாலு நாள் நன்றாக நின்றோம். ஐந்தாம் நாள் ஞாயிறு. பிள்ளைகள் பசியில் அழத் தொடங்கியிருந்தன. அன்றுதான் உபதேசியார் வந்தார். அன்று சொன்னது நெட்டை ராஜாவின் கதை.

நானும் அன்று அங்கே இருந்தேன். சண்டைக்குப் போன ராஜா, பொழுது சாயும் முன்னால் எவன் ஒரு வாய் சாப்பிட்டாலும் அவன் செத்தான் என்று சத்தியம் போட்டுவிடுகிறான். அது ராஜாவின் மகன் காதில் விழவில்லை. அவன் வேறெங்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தான். வருகிற வழியில் காட்டில் தேன் வடிவதைப் பார்த்துக் கோலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டான். யார் மீறியது என்று சீட்டுப் போட்டால், சீட்டு மகன் மேல் விழுகிறது.

"அரசன் மகனெண்டும் பாக்கேல்லை. 'நீ சாகத்தான் வேணும்' எண்டு சொல்லிப் போட்டான்" என்றார் உபதேசியார். அந்த நேரம் பார்த்துக் கீழே வளைவில் அட்டன் பஸ்ஸின் ஹோன் கேட்டது. அதை விட்டால் அவருக்கு அன்று வேறு பஸ் இல்லை. குடையையும் பையையும் எடுத்துக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கி ஓடினார். நல்லமுத்து அசையாமல் உட்கார்ந்திருந்தார். "பெத்த மகனையே விடல பாத்தியா. அவன்தான்டா தலைவன்" என்றார் என்னிடம்.

மறுநாள் காலையில் தோட்டத்து ஆபீசிலிருந்து ஆள் வந்து சொன்னான்: பெரட்டுப் புத்தகத்தில் கைநாட்டு வைத்து வேலைக்கு ஒப்புக்கொள்கிறவர்களுக்கு ஸ்டோரில் அரிசியும் மாவும் போடப்படும். அந்தச் செய்தி லயம் லயமாகப் போய் ஒவ்வொரு அடுப்பின் முன்னாலும் உட்கார்ந்துகொண்டது. நல்லமுத்து எல்லோரையும் பெரட்டுக் களத்துக்குக் கூப்பிட்டார். களத்து மூலையில் கவ்வாத்துக் கத்தி தீட்டுகிற ஒரு கல் உண்டு. முப்பது நாற்பது வருசம் கத்தி தேய்த்ததில் நடுவில் வழவழவென்று குழி விழுந்திருக்கும். அதன்மேல் கையை வைத்தார்.

"தோட்டத்து அரிசிய வாங்குற கைய இந்தக் கல்லு மேல வச்சு முறிப்பேன். மாரியம்மா மேல சத்தியம். என் வீட்டுக் கையா இருந்தாலும் முறிப்பேன்."

இருநூறு பேர் ஓவென்று கத்தினோம். பசித்த வயிற்றுக்கு அந்தச் சத்தம் சாப்பாடு மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை சிவசாமி அகப்பட்டான். கீழே பணிய லயத்தில் இருந்த சாதுவான மனுசன். இரண்டு வயது மகன் அழகன் காய்ச்சலில் கிடந்தான். சிவசாமி ஒரு கொத்து மாவு வாங்கி வேட்டியில் முடிந்துகொண்டு வருகையில் பிடித்துவிட்டார்கள். கல்லுக்கு இழுத்துவந்தோம். "கஞ்சிக்குத்தான்யா, புள்ளைக்குக் கஞ்சிக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். மூன்று பேர் அமுக்கிப் பிடித்தார்கள். முள்ளுக்குத்தியின் பிடியைத் தலைவர் என் கையில் கொடுத்தார். மண் குத்துகிற முள்ளின் பிடி, வைரம் பாய்ந்த மரம். நான் ஓங்கி அடித்தேன். முதல் அடி விரலில் விழுந்தது, இரண்டாவது மணிக்கட்டில். மூன்றாவது அடி யாரும் சொல்லாமல் நானாகப் போட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

புதன்கிழமை காலையில் சோலைமலை வந்தான். சோலைமலை தலைவரின் ஒரே மகன், என் வயதுக்காரன், ஒரே பெஞ்சில் என்னோடு படித்தவன். இரண்டு மாதமாக நோட்டன் பிரிட்ஜில் அணைக்கட்டு வேலைக்குப் போயிருந்தான். வேலைநிறுத்தம் என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். ஸ்டோர் பக்கமாக ஏறி வந்தவனை, துரைக்கு அடுத்த அதிகாரியான கண்டாக்கு கூப்பிட்டிருக்கிறார். ஒங்க வீட்டு அரிசி எடுக்காம கிடக்கு, ஒரு கைநாட்டு வச்சுட்டுத் தூக்கிட்டுப் போ என்றிருக்கிறார். யார் மகன் என்று தெரிந்துதான் கூப்பிட்டார். அந்த ஆளுக்கு எங்களைவிட மூளை இருந்தது.

அவன் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, பட்டப் பகலில், பெரட்டுக் களத்தின் நடுவே சிரித்துக்கொண்டு நடந்து வந்தான். ஒளித்துக்கொண்டு வரவில்லை. அது ஒன்றே போதும், அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று புரிந்துகொள்ள. எங்களுக்குப் புரிந்தது. எல்லோருக்கும் புரிந்தது.

"அப்பா, இந்தாங்க அரிசி. கண்டாக்கு ஐயாவே கூப்புட்டுக் குடுத்தாரு."

சிவசாமியின் பெண்சாதி அம்மாக்கண்ணு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"தலைவரே, எம் புருசன் கைய நேத்து ஒடச்சீங்க. அது மட்டும் ஓசில கெடச்ச கையா?"

கூட்டம் முனகியது. நல்லமுத்து மகனைப் பார்த்துக் கேட்டார்: "நான் போட்ட சத்தியம் ஒனக்குத் தெரியாதா?"

"என்ன சத்தியம்? நான் இப்பத்தானப்பா வர்றேன்."

அந்த இடத்தில் ஒரே ஒரு ஆள் வாய் திறந்திருந்தால் போதும். அவன் ஊரிலேயே இல்லை, விடுங்கள் தலைவரே என்று ஒருவன் சொல்லியிருக்கலாம். இருநூறு பேர் நின்றோம். தலைவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அன்று அவர் எங்களை மிரட்டுகிறார் என்று நினைத்தேன். அவர் தேடினார் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

முள்ளுக்குத்திப் பிடியை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. நல்லவனாக ஆகிவிட்டதால் இல்லை, அது சிநேகிதன் கை என்பதால். "அப்ப புடிச்சுக்க" என்றார். பிடித்துக்கொண்டேன். சோலைமலையின் வலது கையைக் குழிக்குள் வைத்து, முழங்கையில் என் முட்டியை ஊன்றினேன். தாய் பேச்சியம்மா லயத்திலிருந்து தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். பெண்கள் நாலு பேர் அவளைத் தரையோடு அமுக்கிவிட்டார்கள். தலைவர் தாமே அடித்தார். கண்ணை மூடிக்கொண்டு அடித்ததால் முதல் அடி கல்லில் பட்டுப் பிடி எகிறியது. பிறகு கண்ணைத் திறந்துகொண்டு அடித்தார். எலும்பு முறிகிற சத்தம் என் முட்டி வழியாக எனக்குள் ஏறியது. சோலைமலை அப்பனைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் வேலைநிறுத்தம் ஆறு நாள்தான் தாங்கியது. போலீஸ் வந்து லயம் லயமாகப் புகுந்து அடித்தது. தலைவரின் மண்டை பிளந்தது, எனக்கு விலா எலும்பு இரண்டு போனது. பதினொரு பேரும் சாமான் முட்டியோடு ரோட்டில் நின்றார்கள். முறிந்த இரண்டு கைகளாலும் அரைக்காசுக்குப் பிரயோசனம் இல்லை. சோலைமலையின் மணிக்கட்டு கோணலாகச் சேர்ந்துகொண்டது. அந்தக் கையால் அவன் கத்தி பிடிக்கவே முடியவில்லை. அணைக்கட்டிலும் எடுக்கவில்லை. கடைசியில் எங்கள் தோட்டத்திலேயே காவல்காரனாகப் போட்டார்கள். அப்பனோடு பேச்சை நிறுத்தினான். பேச்சியம்மா புருசனுக்குச் சோற்றை வைத்துவிட்டு, சாப்பிட்டு முடியும்வரை வெளியே போய் நின்றுகொள்வாள்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு உபதேசியார் வந்தார். ஜாமீனில் வந்திருந்த நல்லமுத்து, தலையில் கட்டோடு அதே பெஞ்சில் இருந்தார். நடந்ததெல்லாம் உபதேசியாருக்குத் தெரியாது.

"போனமுறை எவ்விடத்திலை விட்டனான்?"

"சீட்டு மகன் மேல விழுந்துச்சு. நீ சாகணும்னு ராஜா சொல்லிட்டாரு. அதுலதாங்க" என்றார் நல்லமுத்து.

"ஓம். ஆனால் சனம் விடேல்லை. இண்டைக்கு எங்களைக் காப்பாத்தினவனே இவன்தான், இவன்ரை தலையிலை இருந்து ஒரு மயிரும் நிலத்திலை விழக் கூடாது எண்டு சனம் முழுக்க ராசாவுக்கு முன்னாலை நிண்டு மறிச்சுப்போட்டுது. பொடியன் தப்பீட்டான்." உபதேசியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "அந்த ராசா கெட்டவனில்லை, தலைவர். பசிச்ச சனத்துக்கு, ஒருத்தரையும் கேளாமல் ஒரு சத்தியத்தைப் போட்டான். பிழையெண்டு தெரிஞ்ச பிறகும் தன்ரை சொல்லைத்தான் காப்பாத்தப் பாத்தான், ஆளைக் காப்பாத்தேல்லை. தலைமைக்கு வாறவன் விழுகிற கிடங்கு அதுதான்."

நல்லமுத்து எழுந்து முன்னால் போனார். உபதேசியாரின் கழுத்தைப் பிடித்து, கரும்பலகையோடு சேர்த்து வைத்து அறைந்தார். கண்ணாடி கீழே விழுந்து உடைந்தது. வேதக்காரப் பெண்கள் அலறிக்கொண்டு வெளியே ஓடினார்கள். "ஏன்டா போன மாசம் சொல்லல? இத ஏன்டா போன மாசம் சொல்லல?" என்று கேட்டுக் கேட்டு அறைந்தார். நாங்கள் நாலு பேர் சேர்ந்து இழுத்தும் பிடி விடவில்லை.

ஒருவழியாகப் பிரித்தபோது உபதேசியாரின் உதடு கிழிந்திருந்தது. என்ன நடந்ததென்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். தரையில் உட்கார்ந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார். பிறகு சின்னக் குரலில், "அண்டைக்குப் பஸ் வந்திட்டுது, தலைவர்" என்றார். அன்று உபதேசியார் அழுததைப் பார்த்தேன்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. சொந்த மகனையே விடாத தலைவர் என்று திம்புள்ளப் பக்கமெல்லாம் பெயர் பரவியது. பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மாலையோடு வந்தார்கள். வேண்டாம் வேண்டாம் என்று அவர் சொன்னதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். மறுபடியும் அவரையே தலைவராகப் போட்டோம். கூட்டத்தில் எதை முடிவெடுத்தாலும் அவர் அன்றே நடத்தவிடமாட்டார். மூன்று நாள் கிடக்கட்டும் என்பார். "இன்னைக்கு வராதவன் யாரு? காதுல விழாதவன் யாரு?" என்று லயம் லயமாக ஆள் அனுப்பிக் கேட்பார். கவ்வாத்துக் காலம் வந்தால் தமக்கு விட்ட செடி நிரையை முடித்துவிட்டு, கை விளங்காத சிவசாமிக்குக் கொடுத்த நிரையையும் வெட்டிக் கொடுப்பார். கண்டாக்குக்கும் அது தெரியும், கண்டுகொள்ளமாட்டார். சிவசாமி மேட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு நாள்கூட நன்றி சொன்னதில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் அவர் திருந்தியது எங்கள் மண்டையில் ஏறவில்லை. எங்களுக்குக் கல்தான் பிடித்திருந்தது. அதற்கு நல்லமுத்து சட்டம் என்று பெயரும் வைத்துவிட்டோம். ஐம்பத்துநாலில் மேல்பிரிவில் ஒருவனுடைய விரல்களை அந்தச் சட்டத்தின் பேரில் நசுக்கினார்கள். விசயம் தெரிந்து தலைவர் ஓடிப்போய், நசுக்கியவர்களைக் கம்பால் விளாசினார். "அது சட்டம் இல்லடா, என் பாவம்டா" என்று அடித்தார். அடிபட்டவர்கள் தலைவருக்கு வயசாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அறுபதில் அவர் தலைமையை விட்டு இறங்கினார்.

அறுபத்து மூன்றில் மறுபடி வேலைநிறுத்தம். இப்போது தலைவர் அழகுமுத்து, முப்பது வயதுகூட ஆகாதவன், அடாவடிக்காரன். எட்டாம் நாள், தேயிலை ஆலையான ஸ்டோரில் இலை வாடப் போடுகிற மாடியில் ஒருவன் வேலை செய்கிறான் என்று பிடித்து வந்தார்கள். வாயெல்லாம் ரத்தம், சட்டை கிழிந்து தொங்கியது. அவன் சிவசாமியின் மகன் அழகன். அன்று காய்ச்சலில் கிடந்த அதே பிள்ளை. சிவசாமி இப்போது இருமி இருமி ரத்தம் கக்கிக்கொண்டிருந்தான். தெரியாமல் போய்விட்டேன் என்று அழகன் சொல்லவில்லை. "தெரிஞ்சுதான் போனேன். எங்கப்பாவுக்கு மருந்து வாங்கணும்" என்றான்.

அவனைக் கல்லுக்கு இழுத்தார்கள். நல்ல மழை. வலது கையைக் குழிக்குள் வைத்து மூன்று பேர் அமுக்கினார்கள். அழகுமுத்து முள்ளுக்குத்திப் பிடியோடு என்னிடம் வந்தான்.

"அண்ணே, நீங்கதான் பழைய ஆளு. எப்புடி அடிக்கணும்னு ஒங்களுக்குத் தெரியும்."

பழக்கத்தில் கை நீட்டி வாங்கிவிட்டேன். அதே கனம், அதே வழவழப்பு. அப்போது நல்லமுத்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கம்பை ஊன்றிக்கொண்டு கூட்டத்துக்குள் வந்தார். கல்லுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு, அழகனின் கைமேல் தம் கையை விரித்து வைத்தார்.

"தலைவரே, எழுந்திரிங்க. இது நீங்க போட்ட சட்டம்" என்றான் அழகுமுத்து.

"நான் போட்டதுதான். அதுல என் கை பாக்கி. மொதல்ல இத முறிங்க."

"கெழவனத் தூக்குங்கடா" என்று அழகுமுத்து கத்தினான். பிறகு என்னைப் பார்த்து, "அடிங்கண்ணே" என்றான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நல்லமுத்துவும் தலையைத் தூக்கிப் பார்த்தார். அன்று அவர் இருநூறு முகங்களில் தேடிய அதே பார்வை. எனக்குப் பயம்தான். பிடியை வீசி எறிந்தேன். அது கீழ்மலைச் செடிகளுக்குள் போய் விழுந்தது. "இவன் தலையிலருந்து ஒரு மயிரு கீழ விழக்கூடாது" என்றேன். எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை, பதினாலு வருசத்துக்கு முன்னால் கேட்டது.

அழகுமுத்து என் வாயிலேயே குத்தினான். விழுந்தேன். விழுந்தவனை இரண்டு பேர் மிதித்தார்கள். அடுத்த மிதி விழுவதற்குள் ஒரு கோணல் கை என் அக்குளில் நுழைந்து தூக்கியது. சோலைமலை. பதினாலு வருசமாக என் முகத்தில் விழிக்காதவன். தூக்கி நிறுத்திவிட்டு எனக்கு முன்னால் நின்றுகொண்டான்.

அதற்குள் அம்மாக்கண்ணு வந்துவிட்டாள். அவள் கத்தவில்லை, யார் காலிலும் விழவில்லை. மகன் கையையும் நல்லமுத்துவின் கையையும் எடுத்துவிட்டு, அந்தக் கல்லின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு, மழையில் அசையாமல் இருந்தாள். ஒரு பொம்பளை கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டால் எங்கே கையை வைத்து எதை முறிப்பது? அழகனைப் பிடித்திருந்தவர்களில் ஒருவன் முதலில் கையை எடுத்தான். பிறகு மற்ற இருவரும் எடுத்தார்கள். அழகுமுத்து திட்டிக்கொண்டே போய்விட்டான். கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது.

நல்லமுத்து எழுந்திருக்க முடியாமல் சேற்றில் உட்கார்ந்திருந்தார். நான் போய்க் கைகொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார், எழுந்திருக்கவில்லை. அந்தப் பல் இல்லாத வாயால், களம் முழுக்கக் கேட்கிற குரலில் இல்லை, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அன்னைக்கும் இவ்வளவுதான்டா வேண்டியிருந்துச்சு, பழனியாண்டி."

நான் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, சோலைமலை இருந்த பக்கம் பார்க்காமல் அவரைத் தூக்கி நிறுத்தினேன்.